கல்லாவுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்ட விலைப் போட்டி: இந்திய செல்போன் கடைகள், 2014 முதல் 2025 வரை

2014 பிப்ரவரியில் மோட்டோரோலா தன் மோட்டோ ஜி போனை இந்தியாவில் இறக்கியது. 8 ஜிபி மாடல் 12,499 ரூபாய், 16 ஜிபி மாடல் 13,999 ரூபாய். அந்த விலையில் அப்படியொரு போன் அதுவரை வந்ததில்லை. ஆனால் நாட்டில் எந்த செல்போன் கடைக்காரரும் அதை வாங்கி விற்க முடியவில்லை. விற்ற ஒரே இடம் ஃபிளிப்கார்ட். அதே ஆண்டு ஜூலையில் சியோமி தன் மி 3 போனோடு இந்தியாவுக்கு வந்தது. அதுவும் ஃபிளிப்கார்ட்டில் மட்டும், அதுவும் குறித்த நேரத்தில் திறந்து சில நொடிகளில் தீர்ந்துபோகும் 'ஃபிளாஷ் சேல்' முறையில். டிசம்பரில் ஒன்பிளஸ் வந்தது, அமேசானில் மட்டும்.

கடைக்குப் போன் வாங்க வந்தவர் மோட்டோ ஜி இருக்கிறதா என்று கேட்பார், இல்லை என்றதும் போய்விடுவார். விலை குறைத்துத் தரவில்லை என்ற கோபம் அவருக்கு இல்லை. பேரம் பேசவே அங்கே பொருள் இல்லை.

சிறு கடைகளுக்கும் ஆன்லைன் நிறுவனங்களுக்கும் நடந்த சண்டையை 'விலைப் போட்டி' என்றே எல்லோரும் சொல்கிறோம். இந்தப் பத்தாண்டுக் கதையை முதலிலிருந்து பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தவில்லை என்றே எனக்குப் படுகிறது. இரண்டு கடைக்காரர்கள் ஒரே விலைக்குச் சரக்கு எடுத்து, ஒருவர் குறைந்த லாபத்துக்கு விற்றால் அது விலைப் போட்டி. இங்கே ஒருவருக்குச் சரக்கே வரவில்லை. வந்த சரக்கும், மற்றவர் விற்கும் விலையைவிட அதிக விலைக்கு வந்தது. அதற்குப் பிறகு கடைக்காரர் என்ன சாமர்த்தியம் காட்டினாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு.

கல்லாவில் நடக்கும் கணக்கு

செல்போன் வியாபாரத்தில் மூன்று விலைகள் புழங்கும். பெட்டியில் அச்சடித்திருப்பது எம்.ஆர்.பி. சந்தையில் இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கம்பெனி சொல்வது எம்.ஓ.பி. கடைக்காரருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் பில் போடுவது டீலர் விலை. எம்.ஓ.பி.க்கும் டீலர் விலைக்கும் நடுவில் இருக்கும் சில சதவீதம்தான் கடைக்காரரின் பிழைப்பு. புரிதலுக்காக ஒரு கணக்குப் போடுவோம்: எம்.ஓ.பி. 15,000, டீலர் விலை 14,400. கையில் நிற்பது 600 ரூபாய். அதில் கடை வாடகை, இரண்டு பையன்களின் சம்பளம், கரண்ட் பில், கார்டு தேய்த்தால் மெஷின் கட்டணம் எல்லாம் போக வேண்டும். மாதத்துக்கு இத்தனை பீஸ் ஓட்டினால் 'ஸ்கீம்' என்று கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதுவும் பணமாக வராது, கிரெடிட் நோட்டாக, அதுவும் தாமதமாக வரும்.

இப்போது தீபாவளிக்கு முந்தைய வாரம். வாடிக்கையாளர் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் தன் பழைய போனை நீட்டிக் காட்டுகிறார்.

"அண்ணே, இதே போன் ஆன்லைன்ல 13,500 போட்டிருக்கான். நீங்க 15,000 சொல்றீங்க."

"தம்பி, எனக்குப் பில்லே 14,400-க்கு வருது. வேணும்னா பில்ல காட்டுறேன். 13,500-க்கு நானே அவன்கிட்ட வாங்கி விக்கலாம் போலிருக்கு."

இந்தப் பேச்சு நடக்காத செல்போன் கடை தமிழ்நாட்டில் இருக்காது. கடைசி வாக்கியம் சும்மா சொல்வதுமல்ல. பண்டிகைக் கால விற்பனையில் ஆன்லைனிலேயே போன் வாங்கிக் கடையில் வைத்து விற்ற கடைக்காரர்கள் உண்டு. சில்லறை விலை மொத்த விலையைவிடக் கீழே போனால் வேறென்ன செய்வார்கள்?

அந்த 13,500-ஐயும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால் உடனடித் தள்ளுபடி, பழைய போனைக் கொடுத்தால் இன்னொரு தள்ளுபடி என்று சேர்ந்துதான் பல நேரம் அந்த எண் வருகிறது. கார்டு இல்லாத கூலித் தொழிலாளிக்கு அந்த விலை இல்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்ட பிறகு, கடைக்காரர் சொல்லும் எந்த விலையும் கொள்ளையாகத்தான் தெரியும். இதனால் வியாபாரம் போனதைவிட, காலங்காலமாகச் சம்பாதித்த நம்பிக்கை போனதுதான் கடைக்காரர்களைக் கூடுதலாக வருத்தியது.

100 ரூபாய்ச் சரக்கு 80 ரூபாய்க்கு

அந்த 13,500 எங்கிருந்து வந்தது? பெரிய அளவில் வாங்குகிறார்கள், இடைத்தரகர் இல்லை, வாடகை இல்லை என்பது வழக்கமான பதில். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. முழு விடையின் ஒரு துண்டு ஒரு வருமான வரி வழக்கில் வெளியே வந்தது.

ஃபிளிப்கார்ட்டின் மொத்த வியாபார நிறுவனமான ஃபிளிப்கார்ட் இந்தியா, 2015-16 மதிப்பீட்டு ஆண்டுக்கு சுமார் 796 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியிருந்தது. வரி அதிகாரி அதை ஏற்கவில்லை. 100 ரூபாய்க்கு வாங்கிய சரக்கை 80 ரூபாய்க்கு விற்பனையாளர்களிடம் கொடுக்கிறீர்கள், இது வியாபார நஷ்டமல்ல, சந்தையைப் பிடிப்பதற்கான முதலீடு, ஆகவே வருமானத்தில் கழிக்க முடியாத மூலதனச் செலவு என்பது அவர் வாதம். பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் 2018 ஏப்ரலில் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. குறைந்த விலைக்கு விற்பது அவரவர் விருப்பம், வராத வருமானத்துக்கு வரி போட முடியாது என்பது அதன் சாரம். வரிச் சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் கடைக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை ஒரு வரி அதிகாரியே கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதியது அப்போதுதான்.

நடைமுறை இதுதான். அன்னிய முதலீடு உள்ள நிறுவனம் மொத்த வியாபாரம் செய்யலாம், அதற்கு 100 சதவீத அனுமதி உண்டு. மற்றவர்கள் விற்பதற்கான சந்தைத்தளம் நடத்தலாம். ஆனால் சரக்கைத் தானே வைத்துக்கொண்டு நேரடியாகப் பொதுமக்களுக்கு ஆன்லைனில் விற்கக் கூடாது. ஆகவே மொத்தப் பிரிவு கம்பெனியிடம் வாங்கும். தனக்கு நெருக்கமான சில விற்பனையாளர்களுக்குக் கொடுக்கும். அவர்கள் அதே குழுமத்தின் தளத்தில் விற்பார்கள். ஃபிளிப்கார்ட்டுக்கு முதலில் டபிள்யூ.எஸ். ரீடெயில் இருந்தது. அமேசானுக்கு, நாராயண மூர்த்தியின் கேட்டமரான் நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்த கிளவுட்டெய்ல் இருந்தது, பட்னி குழுமத்தோடு சேர்ந்து அமைத்த அப்பாரியோ இருந்தது. 2021 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அமேசானின் உள் ஆவணங்களைப் பார்த்து ஒரு கணக்கை வெளியிட்டது: 2019 தொடக்கத்தில் இந்தியாவில் அமேசானில் இருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்களில் வெறும் 35 பேர்தான் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விற்பனையைச் செய்தார்கள். எந்த விற்பனையாளருக்கும் தனிச் சலுகை தரவில்லை, சட்டப்படியே நடக்கிறோம் என்பது அமேசானின் பதில்.

இந்த 35 என்ற எண் ஊர்க் கடைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. 'நீங்களும் ஆன்லைனுக்கு வாருங்கள்' என்ற அழைப்பை நம்பித் தளத்தில் போய் உட்கார்ந்த லட்சக்கணக்கான சிறு விற்பனையாளர்களுக்கும் இதுதான் பதில்.

விதி போட்டார்கள்

2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நடத்திய முதல் 'பிக் பில்லியன் டே'தான் அரசாங்கத்தின் காதுக்கு விஷயத்தைக் கொண்டுபோனது. பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய் விற்பனை என்று நிறுவனம் அறிவித்தது. வியாபாரிகள் கொதித்தார்கள். தளம் முடங்கியதால் வாங்க வந்தவர்களும் கொதித்தார்கள், நிறுவனர்கள் மறுநாள் மன்னிப்புக் கேட்டார்கள். அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் புகார்களைக் கவனிப்பதாகச் சொன்னார்.

கவனித்ததன் பலன் 2016 மார்ச்சில் 'பிரஸ் நோட் 3' என்ற அன்னிய முதலீட்டு விதிக் குறிப்பாக வந்தது. ஒரே விற்பனையாளரின் விற்பனை தளத்தின் மொத்த விற்பனையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தளம் நேரடியாகவோ மறைமுகமாகவோ விலையில் தலையிடக் கூடாது. 2018 டிசம்பரில் இன்னொரு குறிப்பு வந்து 2019 பிப்ரவரி 1 முதல் அமலானது. தளத்துக்குப் பங்கு உள்ள நிறுவனம் அந்தத் தளத்தில் விற்கக் கூடாது. எந்த விற்பனையாளரும் தன் சரக்கில் 25 சதவீதத்துக்கு மேல் தளத்தின் குழும நிறுவனங்களிடம் வாங்கக் கூடாது. எங்களிடம் மட்டும்தான் விற்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

அமலான அன்று கிளவுட்டெய்ல் விற்ற பொருள்கள் அமேசானிலிருந்து மறைந்தன. பிறகு அமேசான் கிளவுட்டெய்லின் தாய் நிறுவனத்தில் தன் பங்கை 49 சதவீதத்திலிருந்து 24-ஆகக் குறைத்துக்கொண்டது. அந்த மாதத்திலேயே கிளவுட்டெய்ல் திரும்பி வந்து விற்கத் தொடங்கியது. கடைசியில் அந்தக் கூட்டு 2022 மே மாதத்தோடு முடிந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வாடிக்கையாளர்கள் போன் என்றால் முதலில் செயலியைத் திறந்து பார்க்கப் பழகிவிட்டார்கள்.

இந்த விதிகள் எல்லாமே யாருக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்ற கேள்வியைச் சுற்றியே எழுதப்பட்டவை. கடைக்காரரின் கேள்வி வேறு: எனக்கு 14,400-க்கு வரும் பெட்டி, அவருக்கு எவ்வளவுக்குப் போகிறது? அதை எந்தக் குறிப்பும் நேராகக் கேட்கவில்லை.

ஆணையத்தின் முன்

அடக்க விலைக்குக் கீழே விற்று எதிராளியை ஒழிப்பது நம் போட்டிச் சட்டப்படி, 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, குற்றம்தான். ஆனால் அதைச் செய்பவர் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். இங்கேதான் சிறு வணிகர்கள் முட்டிக்கொண்டார்கள். 2018 நவம்பரில், ஆன்லைன் விற்பனையாளர் சங்கம் ஒன்று ஃபிளிப்கார்ட் மீது கொடுத்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் முடித்துவைத்தது. ஃபிளிப்கார்ட் தனித்து ஆதிக்கம் செலுத்தவில்லை, எதிரில் அமேசான் இருக்கிறது என்பது காரணம். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து சந்தையைப் பிடித்திருந்தாலும் 'கூட்டு ஆதிக்கம்' என்ற கருத்து நம் சட்டத்தில் இல்லை. இரண்டு ஆனைகள் ஒரே வயலில் நின்றால், எந்த ஆனை தனியாக மிதித்தது என்று நிரூபிக்கச் சொல்கிறது சட்டம். இந்த விஷயத்தில் நம் சட்டம் சிறுவணிகரைக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

தில்லி வியாபார் மகாசங்கம் அதனால் வேறு கதவைத் தட்டியது. ஸ்மார்ட்போனும் உதிரிப்பொருள்களும் விற்கும் சிறு, குறு வணிகர்களைக் கொண்ட சங்கம் அது. ஆதிக்கத்தோடு சேர்த்து ஒப்பந்தங்களையும் பிடித்தது: போன் கம்பெனிக்கும் தளத்துக்கும் இருக்கும் ஏற்பாடு, தளத்துக்கும் விருப்பமான விற்பனையாளர்களுக்கும் இருக்கும் ஏற்பாடு. இவை போட்டியைக் கெடுக்கின்றனவா என்பது அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவின் கேள்வி. அதற்கு ஆதிக்க நிலை தேவையில்லை. 2020 ஜனவரி 13 அன்று ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவில் ஒரு விவரம் இருக்கிறது: 2018-இல் மட்டும் ஃபிளிப்கார்ட் 67 செல்போன்களையும் அமேசான் 45 செல்போன்களையும் தங்கள் தளத்தில் மட்டும் கிடைக்கும்படி அறிமுகம் செய்திருந்தன. பிரத்யேக அறிமுகம், விருப்ப விற்பனையாளர், பெருந்தள்ளுபடி, தேடலில் முன்னுரிமை என்ற நான்கும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை ஆணையம் கவனத்தில் எடுத்துக்கொண்டது.

உத்தரவு வந்த இரண்டாம் நாள் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தில்லியில் இருந்தார். இந்தியச் சிறுதொழில்களை ஆன்லைனுக்குக் கொண்டுவர 100 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தார். ஆண்டுக்கு அவ்வளவு நஷ்டப்படுகிறவர்கள் அந்தப் பணத்தைக் கொண்டுவந்துதானே ஆக வேண்டும், இது இந்தியாவுக்குச் செய்யும் உபகாரம் அல்ல என்ற பொருளில் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் பதில் சொன்னார். வணிகர்கள் அந்தப் பேச்சில் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி ஒரு மாதம்தான். பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விசாரணைக்குத் தடை விதித்தது. தடை நீங்க 2021 ஜூன் ஆயிற்று. மேல்முறையீடு ஜூலையில் தள்ளுபடியானது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2022 ஏப்ரலில் கிளவுட்டெய்ல், அப்பாரியோ அலுவலகங்களில் சோதனை நடந்தது.

ஆணையத்தின் விசாரணைப் பிரிவின் அறிக்கைகள் 2024 ஆகஸ்டில் தயாராயின. அமேசான் பற்றி 1,027 பக்கம், ஃபிளிப்கார்ட் பற்றி 1,696 பக்கம். அறிக்கைகளைப் பார்த்த ராய்ட்டர்ஸ் அடுத்த மாதம் எழுதியபடி, சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றும் உண்மை என்று விசாரணை அதிகாரிகள் கண்டிருந்தார்கள். விருப்ப விற்பனையாளர்களுக்குக் கிடங்கு, டெலிவரி, விளம்பரம் போன்ற சேவைகள் அற்பக் கட்டணத்தில் தரப்பட்டன. அதனால்தான் அடிமாட்டு விலைக்கு விற்க முடிந்தது என்றன அறிக்கைகள். சாம்சங், சியோமி, விவோ, மோட்டோரோலா, ரியல்மி, ஒன்பிளஸ் போன்ற கம்பெனிகளும் பிரத்யேக அறிமுகத்தில் உடந்தை என்று பெயர் குறிப்பிடப்பட்டன. இது இறுதித் தீர்ப்பு அல்ல. தவறு செய்யவில்லை என்று நிறுவனங்கள் மறுக்கின்றன. வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட எதிர் வழக்குகளை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது.

புகார் கொடுத்ததிலிருந்து இதுவரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல். டேட்டம் இன்டெலிஜென்ஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, மொத்த போன் விற்பனையில் 2013-இல் 14.5 சதவீதமாக இருந்த ஆன்லைன் பங்கு, 2023-இல் பாதியைத் தொட்டிருந்தது.

கடைகள் எப்படித் தாக்குப்பிடித்தன

எல்லாக் கடைகளும் மூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாக்குப்பிடித்தவர்கள் போன் விலையில் மோதுவதை விட்டவர்கள். போனை அடக்கத்துக்கே கொடுத்துவிட்டு டெம்பர்டு கிளாஸ், கவர், சார்ஜர், சர்வீஸ் இவற்றில் லாபம் பார்த்தார்கள். பழைய போன் வாங்கி விற்றார்கள். இன்னொன்று தவணை. கடைக்குள்ளேயே ஃபைனான்ஸ் கம்பெனிப் பையன் ஒரு டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பார். ஆதாரும் பான் கார்டும் கொடுத்தால், கிரெடிட் கார்டு இல்லாதவருக்கும் கடன் ஆகி, போன் கைக்கு வந்துவிடும்.

கம்பெனிகளின் பங்கும் இதில் பெரிது. ஓப்போவும் விவோவும் கடைகளை நம்பியே வளர்ந்தன. ஊருக்கு ஊர் பச்சைப் பலகையும் நீலப் பலகையும் தொங்கியதை மறந்திருக்க மாட்டோம். டீலருக்கு நல்ல லாபம், கடையில் கம்பெனிச் சம்பளத்தில் ஒரு புரமோட்டர். பின்னாளில் அதே கம்பெனிகள் ஆன்லைனுக்கென்று தனி வரிசை இறக்கின. விவோவின் டி வரிசை அப்படிப்பட்டது. பெரும்பாலும் ஆன்லைனில் விற்ற சியோமி 2017 முதல் பெரிய அளவில் கடைகளைத் தேடி வந்தது. ஊர்ப்புறத்துக்குப் போக வேறு வழி இல்லை என்று அதற்கும் தெரிந்துவிட்டது.

'கடைக்காரர் ஆன்லைனில் விற்றால் என்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ஜி.எஸ்.டி.யில் இணக்கமுறைத் திட்டத்தில் (காம்போசிஷன் ஸ்கீம், மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) இருந்த சிறுவணிகர், சொந்த மாநிலத்துக்குள்கூட இத்தகைய தளங்கள் வழியாக விற்கச் சட்டமே அனுமதிக்கவில்லை. 2023 அக்டோபர் 1 முதல்தான் அந்தக் கதவு திறந்தது, அதுவும் மாநிலத்துக்குள் விற்பதற்கு மட்டும்.

நியாயமாக மறுபக்கத்தையும் எழுத வேண்டும். ஆன்லைன் வருவதற்கு முன் எல்லாக் கடைகளும் யோக்கியமாக இருந்துவிடவில்லை. பில் கேட்டால் விலை ஏற்றியவர்களும், ஆள் பார்த்து விலை சொன்னவர்களும் இருந்தார்கள். விலையை எல்லோரும் பார்க்கும்படி வைத்தது ஆன்லைன் வியாபாரம் செய்த நல்ல காரியம். பத்தாயிரத்துக்கு உள்ளே நல்ல போன் கிடைத்ததால் படிப்பும் வேலையும் எளிதான குடும்பங்கள் ஏராளம். வாடிக்கையாளர் குறைந்த விலையைத் தேடுவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

தென்மாநிலங்களில் பலன் தந்த முயற்சி கூட்டாக நின்றதுதான். 2024 ஏப்ரலில் தென்னிந்திய அமைப்புசார் சில்லறை வணிகர் சங்கம், மே 1 முதல் ஒன்பிளஸ் பொருள்களை விற்கப் போவதில்லை என்று அறிவித்தது. ஏறத்தாழ 4,500 கடைகள் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களில் அதில் அடக்கம். காரணமாகச் சொன்னவை: மிகக் குறைந்த லாப விகிதம், வாரண்டி கோரிக்கைகளில் தாமதம், விற்காத பொருளைச் சேர்த்துத் தலையில் கட்டுவது. பத்து ஆண்டுகளுக்கு முன் கடைகளையே பார்க்காமல் வந்த கம்பெனி, பேச்சுவார்த்தைக்கு வந்தாக வேண்டிய நிலை உண்டானது. தனிக் கடை ஒன்று இப்படிச் சொல்லியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர்கூட அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். இவை பெரும்பாலும் சங்கிலிக் கடைகள் என்பதையும் மறைக்க வேண்டாம். ஒற்றைக் கடைக்காரருக்கு அந்தப் பலம் சங்கத்தில் சேர்ந்தால்தான் வரும்.

தில்லி சங்கத்தின் புகார் நிலைத்ததற்கும் முந்தைய பல புகார்கள் விழுந்ததற்கும் உள்ள இன்னொரு வித்தியாசம் ஆவணங்கள். எத்தனை மாடல்கள் எங்கே மட்டும் வந்தன, எந்த விற்பனையாளர் எந்த விலைக்குப் போட்டார் என்று எண்ணிக்கையோடு போனார்கள். ஊர்ச் சங்கங்கள் இதை இன்றே செய்யலாம். பண்டிகைக்கு முந்தைய வாரம் டிஸ்ட்ரிபியூட்டர் போட்ட டீலர் பில், அதே தேதியில் அதே மாடலுக்கு ஆன்லைனில் காட்டிய விலையின் படம், விற்பவர் பெயர் தெரியும்படி. வங்கிக் கார்டுத் தள்ளுபடியைத் தனியாகக் கழித்து. மாடல் வாரியாக, மாதம் வாரியாக. ஸ்கீம் தொகை வந்த கிரெடிட் நோட்டுகளும் கூடவே வேண்டும், இல்லாவிட்டால் உண்மையான அடக்கம் இதைவிடக் குறைவு என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஒரு மாவட்டத்தில் இருபது கடைகள் இப்படி ஓர் ஆண்டுக்கு எடுத்துவைத்தால், எனக்கு வாங்கும் விலையே அவர் விற்கும் விலைக்கு மேலே என்ற பேச்சு ஆணையத்தின் மேசைக்குப் போகக்கூடிய சாட்சியமாகும்.